பாலிமர் படலத்தில் நானோபடிகம்: ஒளிர்வு சிவப்புப் பக்கம் நகர்வது எதனால்?

#1 மெல்படலம்

காட்மியம் செலினைடு நானோபடிகங்களை (சில நானோமீட்டர், அதாவது நா.மீ., அளவுள்ள குறைக்கடத்திப் படிகங்கள்) பிஎம்எம்ஏவில் (அக்ரிலிக் கண்ணாடி எனப்படும் பாலிமர்) கலந்து படலம் போடுகிறேன். மேலே வேறொரு குறைக்கடத்தி ஓடு போடாத வெறும் கரு, மேலே ஒலியிக் அமில உறை. டொலுயீன் கரைசலில் முதல் எக்ஸிட்டான் (ஒளியால் பிறக்கும் எலக்ட்ரான்–துளை இணை) உறிஞ்சல் உச்சி 550 நா.மீ., ஒளிர்வு உச்சி 564 நா.மீ.

அதே சரக்கை 4 எடை விழுக்காடு கலந்து, குளோரோஃபார்மில் கரைத்து, கண்ணாடி மேல் ஊற்றிக் காயவைத்த படலத்தின் தடிமன் 100 மைக்ரான். உறிஞ்சல் உச்சி அசையவில்லை, 550இலேயே நிற்கிறது. ஆனால் ஒளிர்வு 578க்குப் போய்விட்டது. ஒளிர்வு வளைவின் நீலப் பக்கம் செங்குத்தாக வெட்டுப்பட்டது போல இருக்கிறது. 700 நா.மீ.யில் உறிஞ்சல் பூச்சியத்துக்கு இறங்காமல் 0.12இல் நிற்கிறது. விளக்குக்கு எதிரே பிடித்தால் லேசான பால் மங்கல் தெரிகிறது.

டாக் வரைபடம் (உறிஞ்சல் வளைவின் சரிவில் நேர்கோடு நீட்டி இடைவெளியைக் கணிக்கும் முறை) போட்டால் கரைசலை விடப் படலத்துக்குப் பட்டை இடைவெளி (எலக்ட்ரானைக் கிளர்த்தத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) 0.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல் குறைவாக வருகிறது. பாலிமர் உண்மையிலேயே இடைவெளியைக் குறைக்கிறதா? அப்படியானால் 550இல் இருக்கும் உச்சி ஏன் நகரவில்லை?

#2 நிறமாலை

கடைசிக் கேள்வியிலேயே விடை இருக்கிறது. உச்சி நகரவில்லை என்றால் இடைவெளியும் மாறவில்லை. 1240ஐ 550ஆல் வகுங்கள், 2.25 எலக்ட்ரான் வோல்ட். உங்கள் படிகத்தின் ஒளியியல் இடைவெளி அதுதான். கரைசலிலும் அதே, படலத்திலும் அதே.

டாக் வரைபடத்தை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். 1960களில் படிக ஒழுங்கற்ற ஜெர்மானியத்துக்காக வந்த முறை அது. பட்டை விளிம்பில் ஆற்றல் நிலைகள் தொடர்ச்சியாக, பரவளைய வடிவில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்ற அனுமானத்தின் மேல்தான் அது நிற்கிறது. 3 நா.மீ. படிகத்தில் இருப்பவை தனித்தனி நிலைகள். தெளிவான எக்ஸிட்டான் உச்சி கண்ணெதிரே இருக்கும்போது, அதன் சரிவில் ஒரு நேர்கோடு வரைந்து அச்சைத் தொட வைப்பதற்குப் பொருளே இல்லை.

இன்னொன்று, 700இல் இருக்கும் அந்த 0.12 உறிஞ்சலே அல்ல, சிதறல். அது வளைவு முழுவதையும் தூக்கிவிடும்போது நீங்கள் நீட்டும் கோடு அச்சைத் தொடும் இடம் தானாகவே குறைந்த ஆற்றலுக்கு வழுக்கும். தூசி விழுந்த வெறும் பிஎம்எம்ஏவுக்கும் இப்படி "இடைவெளி குறைந்தது" என்று காட்டிவிடலாம். நிரப்பியின் அளவு கூடக் கூட பாலிமரின் இடைவெளி குறைகிறது என்று வரும் அட்டவணைகளில் பலவும் இந்த வழியில் பிறந்தவைதான். பாலிமர் தனியாக உறிஞ்சுகிறது, படிகம் தனியாக உறிஞ்சுகிறது, மேலே சிதறல். மூன்றும் கூடிய ஒரு வளைவுக்கு ஒற்றை இடைவெளி கிடையாது.

#3 கூழ்மன்

ஒளிர்வு ஏன் நகர்ந்தது என்று பேசுவதற்கு முன் படலத்துக்குள் படிகங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று கணக்குப் போட்டுவிடுவோம். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

2003இல் பெங் குழு வெளியிட்ட அளவீட்டு வளைவின்படி 550 நா.மீ. உச்சி என்றால் விட்டம் சுமார் 3.04 நா.மீ. விட்டத்தின் 2.65ஆம் அடுக்கை 5857ஆல் பெருக்கினால் மோலார் உறிஞ்சல் கெழு, இங்கே ஏறத்தாழ 1,11,000 (லிட்டர்/மோல்·செ.மீ.). ஒரு படிகத்தின் கன அளவு 14.7 கன நா.மீ. அடர்த்தியை 5.82 என்று வைத்தால் ஒரு மோல் படிகம் சுமார் 51,500 கிராம்.

4 விழுக்காடு என்றால் படலத்தில் லிட்டருக்கு 46 கிராம் சொச்சம், அதாவது 0.9 மில்லிமோலார். 100 மைக்ரான் தடிமனுக்கு ஒளியடர்த்தி (உறிஞ்சலின் மடக்கை அளவு; 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் கடக்கும்) 1.0 வர வேண்டும். சிதறலைக் கழித்தபின் உங்களுக்கு 550இல் கிட்டத்தட்ட அதுதான் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கணக்கு நேர்.

இனி முக்கியமான எண். 0.9 மில்லிமோலாரில் ஒரு படிகத்துக்குக் கிடைக்கும் இடம் சுமார் 1,850 கன நா.மீ., மையத்துக்கு மையம் சராசரி 12 நா.மீ. இவ்வகைப் படிகங்களுக்கிடையே ஃபோர்ஸ்டர் தூரத்தை (ஒளி உமிழாமலே பக்கத்துப் படிகத்துக்கு ஆற்றல் பாதியளவு கடத்தப்படும் தூரம்) 5 நா.மீ. என்று வைத்தால், ஆறாம் அடுக்கு விதிப்படி 12 நா.மீ.யில் ஆற்றல் கடத்தல் அரை விழுக்காடுதான். இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால், 3 நா.மீ. கருவும் இடையில் பின்னிக்கொண்ட 2 நா.மீ. உறையுமாக மையத் தூரம் 5 நா.மீ. ஆகிவிடும். அங்கே கடத்தல் 50 விழுக்காடு. சின்னப் படிகம் உறிஞ்சிய ஆற்றல் பக்கத்திலிருக்கும் பெரிய படிகத்துக்குப் போய்ச் சிவப்பாக வெளிவரும்.

சரியாகப் பரவிய படலத்தில் 4 விழுக்காட்டுக்கெல்லாம் கடத்தலால் நகர்வு வரக்கூடாது. வந்தால் திரண்டிருக்கிறது. பால் மங்கலும் அதையே சொல்கிறது. சிதறல் திறன் கன அளவின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அலைநீளத்தை விட மிகச் சிறிய திரள் என்றால், ஆயிரம் படிகங்கள் தனித்தனியாகச் சிதறுவதைப் போல அதே ஆயிரம் ஒரு திரளில் ஆயிரம் மடங்கு சிதறும். 3 நா.மீ. படிகங்கள் தனியாக இருந்தால் கண்ணுக்கு மங்கல் தெரியவே தெரியாது.

#4 ஒளிவழி

திரட்சி இருக்கலாம். ஆனால் 14 நா.மீ. நகர்வு முழுவதையும் அதன் தலையில் கட்டுவதற்கு முன் மறுஉறிஞ்சலைக் கழிக்க வேண்டும். கூழ்மன் கணக்குப்படியே ஒளியடர்த்தி 1.0. உச்சி 550, ஒளிர்வு 564, இடையில் 14 நா.மீ.தான். 564இல் படலம் இன்னும் நன்றாகவே உறிஞ்சும். வெளிவரும் ஒளியின் நீலப் பாதியை படலமே தின்றுவிடுகிறது. வெட்டுப்பட்டது போன்ற நீலப் பக்கம் அதற்கான முதல் அடையாளம். ஆற்றல் கடத்தலில் வளைவு மொத்தமாக நகரும், மறுஉறிஞ்சலில் ஒரு பக்கம் மட்டும் அரிக்கப்படும்.

தடிமன் 100 மைக்ரான் என்று பார்த்து ஏமாற வேண்டாம். ஒளி செங்குத்தாக மட்டும் வெளியே வருவதில்லை. 1.5 ஒளிவிலகல் எண் கொண்ட தகட்டில் பிறக்கும் ஒளியில் ஏறத்தாழ 75 விழுக்காடு முழு அகப் பிரதிபலிப்பால் உள்ளேயே சிக்கி விளிம்பை நோக்கி ஓடுகிறது. கண்ணாடியும் அதே ஒளிவிலகல் எண் உள்ளதால் அதுவும் வழியாகிவிடும். போகும் வழியெல்லாம் படலத்தைக் குறுக்கே கடந்துகொண்டே போகிறது. அந்த விளிம்பு ஒளி கருவிக்குள் விழுந்தால் உங்கள் 578 இன்னும் சிவக்கும். விளிம்பைக் கறுப்பு நாடாவால் மூடி ஒருமுறை எடுங்கள், மூடாமல் ஒருமுறை எடுங்கள். உச்சி மாறினால் விளிம்பொளி கலந்திருக்கிறது.

முன்முகமாக அளக்கும்போது படலத்தை 45 பாகையில் வைக்காதீர்கள், கிளர்வொளியின் பிரதிபலிப்பு நேராக ஒளியுணரிக்குள் போய்விடும். படுகோணம் 30 பாகை சரி.

இரண்டையும் பிரிக்க ஒரே வழி: செறிவை அப்படியே வைத்துத் தடிமனை மாற்றுங்கள். அதே 4 விழுக்காட்டுக் கரைசலைச் சுழலும் கண்ணாடி மேல் ஊற்றி (ஸ்பின் செய்து) 3 மைக்ரான் படலம் போடுங்கள். ஒளியடர்த்தி 0.03 ஆகிவிடும், மறுஉறிஞ்சல் அற்றுப்போகும். அப்போதும் மிஞ்சுகிற நகர்வுதான் கூழ்மன் சொல்லும் கடத்தல். செறிவைக் குறைத்துப் பார்ப்பது இந்தச் சோதனைக்கு உதவாது, ஏனென்றால் செறிவைக் குறைத்தால் இரண்டுமே சேர்ந்து குறையும்.

#5 நிறமாலை

ஒளிவழி சொன்னதோடு ஒளிர்வு ஆயுளையும் (கிளர்ந்தபின் ஒளிர்வு தணிய எடுக்கும் நேரம்) எடுத்துவிடுங்கள், வசதி இருந்தால். மெல்லிய படலத்தில் 555இலும் 590இலும் தனித்தனியே எடுக்க வேண்டும். நீல விளிம்பில் ஆயுள் குறைந்து சிவப்பு விளிம்பில் நீண்டிருந்தால் சின்னதிலிருந்து பெரியதற்கு ஆற்றல் போகிறது என்று பொருள். கரைசலிலும் சிறு வித்தியாசம் இருக்கும் என்பதால் அதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மறுஉறிஞ்சல் இதற்கு நேர்மாறு, உறிஞ்சி மறுபடி உமிழ்வதால் அளக்கும் ஆயுள் நீளும்.

டொலுயீனையும் பிஎம்எம்ஏவையும் ஒப்பிடுவதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. ஒன்றின் ஒளிவிலகல் எண் 1.497, மற்றதன் எண் 1.49. கதிர்வீச்சு வேகம் சூழலின் ஒளிவிலகல் எண்ணைப் பொறுத்தது; இங்கே அது மாறவே இல்லை. ஆகவே படலத்தில் ஆயுள் மொத்தமாகக் குறைந்தால் காரணம் கதிர்வீசா இழப்பு அல்லது கடத்தல். ஹெக்சேன் கரைசலோடு ஒப்பிட்டால் இவ்வளவு சுத்தமாகச் சொல்ல முடியாது, அதன் எண் 1.375.

#6 மெல்படலம்

எடுத்தாயிற்று. 3 மைக்ரான் படலம்: ஒளிர்வு உச்சி 569, நீலப் பக்கம் பழையபடி சமச்சீர். 555இல் ஆயுள் கரைசலை விடத் தெளிவாகக் குறைவு, 590இல் கிட்டத்தட்ட கரைசல் அளவே. தடித்த படலத்தின் விளிம்பை மூடினால் 578 என்பது 575 ஆகிறது. 700இன் 0.12ஐ 650 முதல் 900 வரை அலைநீளத்துக்கு எதிராக இரு அச்சும் மடக்கை அளவில் போட்டால் சாய்வு 3க்குச் சற்றுக் குறைவு.

#7 கூழ்மன்

அப்படியானால் 14இல் 9 மறுஉறிஞ்சல், அந்த 9இலும் 3 விளிம்பிலிருந்து கசிந்தது. மிச்சம் 5 திரட்சி. சாய்வு 4 வந்திருந்தால் திரள்கள் அலைநீளத்தை விட மிகச் சிறியவை என்று சொல்லலாம். 3க்குக் கீழே என்றால் நூறு நா.மீ.க்கு மேலான திரள்களும் கலந்திருக்கின்றன.

ஒரு துண்டுப் படலத்தைப் புது டொலுயீனில் கரைத்துப் பாருங்கள். ஒளிர்வு 564க்குத் திரும்பினால் படிகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, படலத்துக்குள் அவை சேர்ந்திருந்த விதத்தில்தான் கோளாறு. 564ஐத் தாண்டி நீலத்துக்குப் போனால் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து கரு சுருங்கியிருக்கிறது.

திரட்சிக்கு வருவோம். மூன்று இடத்தில் தவறு நேரக்கூடும்.

முதல் இடம் கழுவுதல். எத்தனாலோ அசிட்டோனோ எதிர்க்கரைப்பானாகச் சேர்த்து செண்ட்ரிஃபியூஜ் செய்வது இரண்டு சுற்றுக்குமேல் வேண்டாம். கலங்கத் தொடங்கும் வரை சேர்த்து, அதற்குமேல் கொஞ்சம் சேர்த்தால் போதும். கூடுதலாகக் கழுவினால் ஒலியேட் உறை கழன்று, வெறும் மேற்பரப்பு கரைசலிலேயே ஒட்டத் தொடங்கும், ஒளிர்வும் விழும். குறைவாகக் கழுவினால் ஆக்டடெசீனும் (படிகத் தயாரிப்பின் கரைப்பான்) தனி ஒலியிக் அமிலமும் படலத்துக்குள் எண்ணெய்த் துளியாகப் பிரிந்து நிற்கும். அந்த மங்கலைத் திரட்சி என்று தவறாக எடுத்துக்கொள்வதும் உண்டு. நுண்ணோக்கியில் வட்டமாக, விளிம்பு வழவழப்பாக இருந்தால் எண்ணெய்.

இரண்டாம் இடம் கரைப்பான். கடையில் வரும் குளோரோஃபார்மில் பெரும்பாலும் அரை முதல் ஒரு விழுக்காடு எத்தனால் நிலைப்படுத்தியாகக் கலந்திருக்கும். படலம் காயும்போது அதுவே எதிர்க்கரைப்பான் வேலையைச் செய்கிறது. பழைய புட்டி என்றால் அமிலமும் சேர்ந்திருக்கும், உறையைக் கழற்றும். மேலும் அது 61 பாகையில் கொதிப்பது, வேகமாக ஆவியாகிப் படலத்தைக் குளிரவைக்கும். ஈரக் காற்றில் நீர்த்துளி படிந்து மேற்பரப்பில் நுண்குழிகள் விழும். டொலுயீனுக்கு மாறுங்கள், 110.6 பாகை. மேலே தலைகீழாக ஒரு பெட்ரி மூடி கவிழ்த்து, ஒரு பக்கம் ஓர் ஊசி அளவு இடைவெளி விட்டால் ஒரு நாளில் மெதுவாகக் காயும். மிகவும் மெதுவாக விடுவதும் கெடுதல். பிரிய வேண்டும் என்றிருக்கும் கலவைக்குப் பிரிய நேரம் கொடுத்ததாகிவிடும்.

மூன்றாம் இடம், உண்மையான சிக்கல் இங்கேதான். பிஎம்எம்ஏ முனைவுள்ள எஸ்டர். ஒலியேட் உறை 18 கார்பன் கொழுப்புச் சங்கிலி. டொலுயீன் இருக்கும்வரை இரண்டும் ஒத்துப்போகும், டொலுயீன் போனதும் பிரியும். எவ்வளவு கவனமாக ஊற்றினாலும் 1 அல்லது 2 விழுக்காட்டுக்குமேல் இந்தச் சோடி தாங்காது. பாலிஸ்டைரீன் தேவலாம். மிகவும் ஒத்துப்போவது லாரில் மெத்தாக்ரிலேட் பாலிமர், பக்கச் சங்கிலியே 12 கார்பன். ஆனால் அது அறை வெப்பத்தில் பசை போலத் தளர்வானது. எத்திலீன் கிளைக்கால் டைமெத்தாக்ரிலேட் 10 முதல் 20 விழுக்காடு சேர்த்துக் குறுக்குப் பிணைப்பு கொடுக்க வேண்டும். படிகத்தை மோனமரிலேயே கலந்து புற ஊதாவில் பாலிமராக்குவது வழக்கம். அங்கே தொடக்கியிலிருந்து (பாலிமராக்கத்தைத் தொடங்கிவைக்கும் பொருள்) பிறக்கும் தனி உறுப்புகள் வெறும் கருவின் ஒளிர்வைக் கொல்லும். துத்தநாக சல்பைடு ஓடு போட்ட படிகம் இல்லாமல் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

#8 மெல்படலம்

எடை போடுவதில் ஒரு சந்தேகம். உலர்த்திய தூளை எடை போட்டுத்தான் 4 விழுக்காடு என்கிறேன். அது சரியா?

#9 கூழ்மன்

சரியல்ல. 3 நா.மீ. கருவின் மேற்பரப்பு 29 சதுர நா.மீ. சதுர நா.மீ.க்கு மூன்றரை மூலக்கூறு உறை என்று வைத்தாலும் நூறு ஒலியேட், 28,000க்கு மேற்பட்ட மோலார் நிறை. தூளின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உறை மட்டுமே. கழுவல் மாறினால் அதுவும் மாறும். உலர்த்தினால் மீண்டும் கரையாத கட்டியும் கிடைக்கும். தூளாக்கவே வேண்டாம்.

உறிஞ்சலால் அளங்கள். டொலுயீன் இருப்புக் கரைசலில் 10 மைக்ரோலிட்டர் எடுத்து 3 மி.லி. டொலுயீனில் கலந்து 1 செ.மீ. குவெட்டில் (உறிஞ்சல் அளக்கும் சிறு கலம்) 550இல் பாருங்கள். 0.20 காட்டினால் குவெட்டில் 1.8 மைக்ரோமோலார், இருப்பில் 0.54 மில்லிமோலார், கரு மட்டும் மில்லிலிட்டருக்கு 28 மி.கி.

1 கிராம் பிஎம்எம்ஏவை 10 மி.லி. டொலுயீனில் இரவு முழுக்கக் கலக்கிக் கரைத்து, 0.45 மைக்ரான் டெஃப்ளான் வடிகட்டியில் அழுத்தி எடுங்கள். அதற்கப்புறம்தான் படிகம். வடிகட்டியபின் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம், சேர்த்தபின் வடிகட்டினால் திரள் எவ்வளவு தங்கியது, செறிவு எவ்வளவு குறைந்தது என்பது தெரியாமல் போகும். 4 விழுக்காட்டுக்கு மேலே சொன்ன இருப்பில் 1.5 மி.லி., 1 விழுக்காட்டுக்கு 0.36 மி.லி. ஒரு மணி நேரம் இருட்டில் கலக்கிவிட்டு, ஊற்றுவதற்கு முன் அந்தக் கலவையையே குவெட்டில் வைத்து 700இல் பாருங்கள். அங்கேயே அடிக்கோடு தூக்கியிருந்தால் படலம் போட்டுப் பயனில்லை. காய்ந்தபின் வெற்றிடத்தில் 60 முதல் 70 பாகையில் 12 மணி நேரம். 100ஐத் தொடாதீர்கள், பிஎம்எம்ஏவின் கண்ணாடி நிலைமாற்றம் 105 பாகைப் பக்கம், மிஞ்சிய டொலுயீன் அதை இன்னும் கீழே இறக்கும். சங்கிலிகள் தளர்ந்தால் படிகங்கள் நகர்ந்து சேரும்.

காட்மியம் என்பதால் கழுவிய நீரையும் வடிகட்டித் தாளையும் தனிக் கலத்தில் சேருங்கள்.

#10 மெல்படலம்

நன்றி, 1 விழுக்காட்டில் தொடங்குகிறேன். 3 மைக்ரான் படலத்தைக் கண்ணாடியிலிருந்து நீரில் உரித்துத் தனியாக எடுத்தபோது உறிஞ்சல் வளைவு முழுக்க அலை அலையாக வந்தது. கண்ணாடி மேல் இருந்தபோது அது இல்லை. எக்ஸிட்டான் உச்சி எது, அலை எது என்றே பிரிக்க முடியவில்லை.

#11 ஒளிவழி

குறுக்கீட்டுப் பட்டைகள். பிஎம்எம்ஏ 1.49, கண்ணாடி 1.52, அந்த இடைமுகத்தில் பிரதிபலிப்பு பத்தாயிரத்தில் ஒன்று, ஆகவே கண்ணாடி மேல் அலை தெரியவில்லை. உரித்தபின் இரு பக்கமும் காற்று, ஒவ்வொரு முகமும் 3.9 விழுக்காடு பிரதிபலிக்கும். இரண்டும் குறுக்கிடும்போது ஊடுகடத்தல் 1க்கும் 0.857க்கும் இடையே ஆடும். ஒளியடர்த்தியில் அது 0.067 வரை. உங்கள் படலத்தின் எக்ஸிட்டான் உச்சியோ 0.03. அலைக்குள் உச்சி மூழ்கிவிட்டது.

இதில் ஒரு பயனும் உண்டு. படிகம் உறிஞ்சாத 600க்கு மேல் அடுத்தடுத்த இரண்டு முகடுகளை எடுங்கள். 700, 650 என்றால் இரண்டையும் பெருக்கி, வித்தியாசத்தாலும் ஒளிவிலகல் எண்ணின் இரு மடங்காலும் வகுத்தால் 3.05 மைக்ரான். தடிமன்மானியை விட நம்பகமானது.

அலையை அகற்ற, படலத்தை 56 பாகை சாய்த்து, படுதளத்தில் முனைவாக்கிய ஒளியில் எடுங்கள். அது புரூஸ்டர் கோணம், பிரதிபலிப்பே இருக்காது. பாதை நீளம் 1.2 மடங்காகும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். முனைவாக்கி இல்லை என்றால் கண்ணாடி மேலேயே எடுத்து, அதே தடிமன் வெறும் பிஎம்எம்ஏ கண்ணாடியை ஒப்பீடாக வையுங்கள். வெறும் கண்ணாடியோ காற்றோ ஒப்பீடாகாது. மென்பொருளில் மிருதுவாக்கி அலையை அழிப்பது மட்டும் வேண்டாம், உச்சியின் இடமும் அதோடு நகரும்.

#12 மெல்படலம்

குவாண்டம் திறனுக்கு (உறிஞ்சிய ஒளித்துகளில் எத்தனை பங்கு ஒளிர்வாகத் திரும்புகிறது என்பது) ரோடமின் 6ஜி என்ற சாயத்தோடு ஒப்பிடும் முறை படலத்துக்குச் செல்லுமா?

#13 நிறமாலை

செல்லாது. அது குவெட்டில் உள்ள நீர்த்த கரைசலுக்கு உரியது. படலத்தில் ஒளி வெளிவரும் கோணப் பரவலே வேறு. எல்லாத் திசையிலும் வரும் ஒளியைச் சேர்த்து அளக்கும் ஒருங்கிணைக்கும் கோளம் வேண்டும். 1997இல் டி மெல்லோவும் உடனிருந்தோரும் தந்த மூன்று அளவீட்டு முறை இன்றும் போதுமானது: கோளம் காலியாக, படலம் உள்ளே இருந்து கற்றை அதன்மேல் படாமல், கற்றை நேராகப் பட. இரண்டாவது அளவீட்டைச் சோம்பலில் விட்டுவிட்டால் சுவரில் மோதித் திரும்பும் ஒளியால் வரும் கிளர்வு கணக்கில் ஏறிவிடும்.

கோளத்துக்குள் மறுஉறிஞ்சல் இன்னும் கடுமை. நீர்த்த கரைசலின் ஒளிர்வு வளைவைச் சிவப்பு வாலில் படலத்தின் வளைவோடு பொருத்தி, நீலப் பக்கத்தில் காணாமல் போன பரப்பின் விகிதத்தை எடுங்கள். அது 0.25, அளந்த திறன் 0.60 என்றால், 0.60ஐ (1 − 0.25 + 0.25 × 0.60) ஆல் வகுக்க வேண்டும். 0.67 வரும். உங்கள் 3 மைக்ரான் படலத்துக்கு இந்தத் திருத்தம் சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் 550இல் விழுங்கப்படும் ஒளியும் மிகக் குறைவு, வித்தியாசம் இரைச்சலில் போய்விடும். 405 நா.மீ.யில் கிளர்த்துங்கள், அங்கே உறிஞ்சல் பல மடங்கு.

#14 கூழ்மன்

அளக்கும் வரிசை பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெறும் கரு காற்றில், அதுவும் 405 லேசரின் கீழ், நிமிடங்களில் மாறும். முதலில் ஒளிர்வு கூடுவது போலக் காட்டும், பிறகு உச்சி நீலத்துக்கு நகரத் தொடங்கும். பிஎம்எம்ஏ ஆக்சிஜனைத் தடுத்து நிறுத்தாது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான். உறிஞ்சலை முதலில் எடுங்கள், அடுத்து ஆயுள், கோளம் கடைசி. எல்லாம் முடிந்தபின் உறிஞ்சலை இன்னொரு முறை எடுத்து 550 இன்னும் 550தானா என்று பாருங்கள். நடுவே படலத்தை நைட்ரஜன் நிரப்பிய கறுப்புப் பெட்டியில் வையுங்கள்.

ஓடு போட்ட படிகத்துக்கு மாறினால் மேலே நான் கொடுத்த விட்டம், கெழு இரண்டும் செல்லாது, அவை வெறும் கருவுக்கானவை. ஓடு வளர்வதற்கு முன் கருவின் வளைவைப் பதிந்து வைத்துக்கொண்டு, கருவின் எண்ணிக்கையை அதிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். பின்னால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் விட்டம் அளந்தாலும் செறிவுக்கு அந்த எண்ணிக்கைதான் ஆதாரம்.